ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன்

எங்கள் வீட்டில் குழந்தைக்கு டின் பால் கலக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம் என் தொழில்தான். ஆம்பூர் பக்கத்தில் ஒரு தோல் கம்பெனியில் நான் டிரம் பார்க்கிறவன். இரண்டு ஆள் உயர மரப் பீப்பாய் சுழன்றுகொண்டே இருக்கும். உள்ளே தோல். அதற்கு எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, எவ்வளவு மருந்து என்று பார்த்துப் போட வேண்டும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இந்த வேலையில் கிடைத்த மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை. கம்பெனியில் என்னை மிக்சிங் ஆள் என்பார்கள். ஒரு லாட், அதாவது ஒரு டிரம் தோல், கெட்டுப்போனால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுவார்கள், பிறகு மருந்தை, பிறகு தோலை. என்னைச் சந்தேகப்பட்டதில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு நாற்பத்திரண்டு வயது, என் மனைவிக்கு முப்பத்தைந்து. குழந்தை இரண்டேகால் கிலோ. நான் தினமும் டன் கணக்கில் எடை பார்க்கிறவன். அந்த இரண்டேகால் கிலோவைக் கையில் வாங்க எனக்கு மூன்று நாள் ஆனது.

மனைவி ஒரு சின்ன யூனிட்டில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். மூன்று மாதம்வரை அவள் மிஷினை வேறு யாருக்கும் தராமல் வைத்திருப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்குமேல் ஒரு நாளும் காத்திருக்க மாட்டார் என்பதும் அவர் பேச்சிலேயே இருந்தது. அவளுக்கும் வேலையை விட மனமில்லை. ஆகவே மூன்றாம் மாத முடிவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் நல்ல மனிதர். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தாய்ப்பால், வேலைக்குப் போகும் நேரத்துக்கு மட்டும் டின் பால், பாட்டில் வேண்டாம், பாலாடையில் புகட்டுங்கள் என்றார். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள். தாராளமாகக் கொடுக்கலாம் என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

வெளியே வந்ததும் அங்கிருந்த சிஸ்டர் என்னைப் பார்த்து, "பவுடர் கலக்கத் தெரியுமாண்ணா? சொல்லிக் குடுக்கட்டா?" என்றாள்.

அந்த அறையில் நாலைந்து பெண்கள் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று என்ன கிழமை, என்ன நட்சத்திரம், எப்போது ராகு காலம் எல்லாம் இன்றைக்கும் சொல்வேன். பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை.

"தெரியும்" என்றேன்.

"அவரு கம்பெனில மிக்சிங் ஆளு சிஸ்டர்" என்றாள் என் மனைவி, கொஞ்சம் பெருமையோடு.

சிஸ்டர் என்ன கம்பெனி என்று கேட்கவில்லை. மருந்துக் கம்பெனி என்று நினைத்திருக்கலாம். நிம்மதியாக உள்ளே போய்விட்டாள்.

என் மனைவி பத்தாவது பாஸ். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அவள் அந்த டின்னில் எழுதியிருந்ததை முழுதாகப் படித்திருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் டின்னைத் திருப்பினாள். பெரிய எழுத்தில் இருந்ததை முதலில் படித்தாள். குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டின்னே சொல்லியிருந்தது. எந்தச் சட்டத்துக்காக அப்படிப் போடுகிறார்களோ, எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் இத்தனை கம்பெனி இருக்கிறது; செருப்பில்லாமல் நடப்பதே காலுக்கு நல்லது என்று அச்சடித்த ஷூ டப்பாவை நான் பார்த்ததில்லை.

அவள் முகம் சின்னதாகிவிட்டது. டின்னை என் பக்கம் தள்ளினாள்.

"இத நீங்களே வெச்சிக்குங்க. என் கண்ணுல காட்டாதீங்க."

"கலக்கறது?"

"அதுவும் நீங்கதான். நீங்கதான் மிக்சிங் ஆளாச்சே."

அப்படித்தான் அந்த டின் என் இலாகாவுக்கு வந்தது.

டின்னின் பின்பக்கம் ஒரு கட்டம் போட்டிருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எண் தெரியும், படம் தெரியும். மேலே ஒரு டம்ளர் படம், பக்கத்தில் ஒரு ஸ்பூன் படம், அதற்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம். எங்கள் குழந்தையின் வயதுக்கு நேரே டம்ளரின் கீழே 120, ஸ்பூனின் கீழே 4, கடிகாரத்தின் கீழே 5. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கம்பெனியில் டிரம்முக்கு வருகிற சீட்டு அச்சாக இப்படித்தான் இருக்கும்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மருந்து எட்டு, தடவை நாலு என்று இருந்தால், எட்டு என்பது மொத்தக் கணக்கு. அதை நாலாகப் பிரித்து, இடைவெளி விட்டு, தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு எட்டையும் ஒரே தடவையில் கொட்டினால் தோலின் மேல்பக்கம் சுருங்கி, உள்ளே மருந்து போகாமல் நின்றுவிடும். லாட் முழுதும் குப்பை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான்: மொத்தமாகப் போடாதே, பிரித்துப் போடு.

ஆட்டுத் தோலுக்கே இப்படி என்றால் பச்சைக் குழந்தையின் வயிற்றுக்கு எப்படி இருக்கும்? தண்ணீர் ஒரு தடவைக்கு நூற்றிருபது, டம்ளர் படமே போட்டிருக்கிறதே. பவுடர் ஒரு நாளைக்கு நாலு ஸ்பூன். அதை ஐந்து தடவையாகப் பிரிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மியாக வந்தது. சொந்தக் குழந்தையாயிற்றே, கஞ்சத்தனம் வேண்டாம் என்று தாராளமாக முழு ஸ்பூனாகவே வைத்தேன்.

எனக்குக் காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை ஷிப்ட். மனைவி எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறு ஆகும். இடையில் குழந்தையை எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர்கள் உருது பேசுகிற குடும்பம். அக்காவின் பிள்ளைகள் பெரியவர்களாகி வாணியம்பாடியிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். குழந்தையை அவரிடம் விடுவதில் எனக்குக் கவலை இல்லை, பவுடரை விடுவதில்தான் கவலை. அளவு தெரியாமல் அள்ளிப் போட்டுவிட்டால்? கம்பெனியில் ஸ்டோரிலிருந்து மருந்தைத் தடவை வாரியாக எடைபோட்டு வாளி வாளியாக அனுப்புவார்கள். அதே போல மூன்று சின்ன எவர்சில்வர் டப்பா வாங்கினேன். தினமும் வேலைக்குப் போவதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் பவுடர் போட்டு மூடி வைப்பேன். இரண்டு அக்காவுக்கு, ஒன்று நான் வந்த பிறகு. கொதித்து ஆறிய தண்ணீர் பிளாஸ்கில். டின் அலமாரிக்குள்.

முதல் நாளே அக்கா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, நெத்திக்கு வெக்கிற குங்குமம் மாதிரி இத்துணூண்டு போட்டு வெச்சிக்கிறே?"

"டாக்டர் கணக்குக்கா."

டாக்டர் என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் எதிர்ப்பேச்சு கிடையாது. அக்கா மூடியை மூடிவிட்டார். நான் பொய் சொன்னதாக அப்போது நினைக்கவில்லை.

இரண்டரை மணிக்கு வந்து, குளித்து, கைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டு, எலுமிச்சம் பழத் தோலால் நகக்கண்ணைத் தேய்த்துவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவேன். நாலு மணிக்கு ஒரு டம்ளர் பால். மடியில் படுக்க வைத்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்க்க வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கும். அது குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்கும். யாராவது என்னை அவ்வளவு நேரம் பார்த்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதனிடம் அது முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பாலாடையில் கொடுத்துப் பார்த்தாள். குழந்தை அதைத் தட்டிவிட்டு அவள் ரவிக்கைப் பக்கம் முகத்தைத் திருப்பியது. வீட்டுச் சாப்பாடு எதிரே இருக்கும்போது பொட்டலத்தைப் பிரிப்பானேன் என்று அதற்கும் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து டின் பால் என்றால் நான்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும்போது முந்தானையை முன்பக்கம் நன்றாக இழுத்துப் போர்த்தியிருப்பாள். உள்ளே நனைந்திருக்கும். யூனிட்டில் தோலை ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்குவாள். அவள் குரலைக் கேட்ட குழந்தைக்கு அந்த இரண்டு நிமிடமும் பொறுக்காது. கத்தித் தீர்க்கும். மடியில் போட்டதும் முக்கால் மணி நேரம் விடாமல் குடிக்கும். காலையிலிருந்து எதுவுமே குடிக்காதது போலக் குடிக்கிறதே என்று நான் வாசலில் நின்று சிரிப்பேன்.

கம்பெனியில் என்னோடு இன்னொரு டிரம் பார்க்கிற ஆள், என் வயதுதான், மூன்று பிள்ளைக்காரன். டீ குடிக்கும்போது கேட்டான்.

"இன்னாப்பா, டின் பாலாமே. எங்க வூட்ல வாரத்துக்கு ஒரு டின் ஓடும். பேஜாரு."

"எங்க வூட்ல ஒரு டின் ஒரு மாசம் வருது."

"ஒரு மாசமா? எப்பிடி?"

"கலக்கத் தெரியணும்" என்றேன்.

எனக்கு ஆயுளில் நாலு தடவைதான் பெருமையடிக்க வாய்த்திருக்கிறது. அதில் இது ஒன்று.

ஒரு மாதம் கழித்து, புதன்கிழமை, சுகாதார நிலையத்தில் எடை பார்க்கப் போனோம். நர்சம்மா குழந்தையைத் தராசுத் தொட்டிலில் போட்டுவிட்டு அட்டையைப் பார்த்தார். மறுபடி தராசைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? ஒரு மாசத்துல நூறு கிராம் கூட ஏறல. பால் குடுக்கிறியா, இல்லியா?"

"குடுக்கிறேன் சிஸ்டர். வேலைக்குப் போற நேரத்துல டின் பால்."

"உன் பால் போறுதா?"

அந்த ஒரு கேள்விதான். நர்சம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் என் மனைவியின் மார்பைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அது ஊர்ப்பேச்சாகிவிட்டது. அவள் யூனிட்டில் பக்கத்து மிஷின்காரி, "வயசாயி பெத்தா பால்ல சத்து இருக்காதுக்கா, வெறும் தண்ணிதான்" என்றாளாம். எதிர்வீட்டு அக்கா பூண்டைப் பாலில் வேகவைத்துச் சாப்பிடச் சொன்னார். டின்னில் குறை இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது இங்கிலீஷில் எழுதிய டின்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை மறைத்து என்ன பயன்? என் மனைவியின் பால் போதவில்லை என்று நானும் முழுசாக நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்ப் பால் சுறா கேட்டேன். வாய்க்குள்ளேயே கேட்டிருப்பேன் போலிருக்கிறது, மீன் விற்கிற அம்மா கையை நிறுத்தாமல், "இன்னா வேணும், கொஞ்சம் தொறந்து பேசு" என்றாள். மறுபடி சொன்னேன். "ஓ, பால் சொறாவா! வூட்ல புள்ள பெத்திருக்காங்களா? பால் கம்மியா?" என்று மார்க்கெட் முழுதும் கேட்கும்படி கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். குற்றவாளி தலையாட்ட, தண்டனை வேறொருத்திக்கு. அதையும் நான்தான் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவள் சுறாவைச் சாப்பிட்டாள், பூண்டைச் சாப்பிட்டாள், முருங்கைக் கீரையைத் தினமும் சாப்பிட்டாள். வேலையில் மதியம் பாத்ரூமுக்குப் போய் வலி தாங்காமல் பீய்ச்சி ஊற்றிவிட்டு வருவதாகவும் ஒருநாள் சொன்னாள். இல்லாத பால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஐந்து வாரம் ஆகியிருக்கும். கலவை என்ற ஊரில் என் சொந்தத்தில் ஒரு சாவு. முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் டப்பாக்களை ரொப்பாமல் போய்விட்டேன். அடக்கம் முடிந்து நாலு மணிக்குத் திரும்பினேன். தலைமுழுகிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனால் அக்கா வாயில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதே. ஒரு மணியிலேர்ந்து தூங்குது."

மூன்று மணி நேரம். பகலில் அது அரை மணிக்குமேல் தூங்கி நான் பார்த்ததில்லை. எனக்குப் பயம் வந்து மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக மூச்சு வந்தது.

"இன்னாக்கா குடுத்திங்க?"

"டப்பா காலியா இருந்திச்சி. நம்பகிட்டதான் உன் வூட்டு சாவி இருக்கே, டின்ன எட்த்து நானே போட்டேன். பச்சா ரெண்டு வாட்டியும் சொட்டு மிச்சம் வெக்கல."

"எத்தினி ஸ்பூன் போட்டிங்க?"

"நாலு."

"நாள் பூராவும் நாலா?"

"ஒரு டம்ளருக்கு நாலு. என் பொண்ணு புள்ளைக்கு அப்பிடித்தானே போட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நான் சொல்றேன்னு நெனச்சிக்காதே. ஒரே நாள்ல டின் பால் எப்பிடி வேல காட்டுது பார். உன் வூட்டம்மா பால்லதான் ஒண்ணும் இல்ல."

நான் டின்னை ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். கடையில் இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்கள் போகும்வரை எதிர்ப்பக்கம் நின்றேன். பிறகு போய், டின்னைக் கடைக்காரர் முன்னால் வைத்து, அந்தக் கட்டத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நூத்தியிருபது தண்ணி, நாலு ஸ்பூன். இந்த மாதிரி ஒரு நாளைக்கு அஞ்சு தடவ."

"ஒவ்வொரு தடவைக்குமா நாலு?"

"பின்ன? ஏன், எப்பிடிப் போட்டிங்க?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

வீட்டுக்கு நடந்து வந்த வழி எனக்கு நினைவில்லை. டின்னின் எடை மட்டும் நினைவிருக்கிறது. அது இரண்டாவது டின்; இன்னும் பாதிக்கு மேல் பவுடர் இருந்தது.

அன்றிலிருந்து டம்ளருக்கு நாலு ஸ்பூன் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தப்பைத் திருத்தியாகிவிட்டது, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். டிரம்மில் அப்படித்தான் செய்வோம். கொஞ்சம் கம்மியாகிவிட்டால் அடுத்த தடவையில் சரிசெய்துகொள்வோம். தோல் ஒருபோதும் முதலாளியிடம் போய்ச் சொன்னதில்லை.

குழந்தை தேற ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் தொடையில் ஒரு மடிப்பு விழுந்தது. சாயங்காலம் கத்துவது குறைந்தது. இதெல்லாம் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் டின் பாலை நான் சரியாகக் கலக்கக் கலக்க, என் மனைவியின் பாலுக்குக் கெட்ட பெயர் ஏறிக்கொண்டே போயிற்று. அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில் குழந்தை வளர்கிறது என்றார்கள். ஒருத்தி அவளிடமே சொன்னாள். அவள் வேலையிலிருந்து வந்ததும் என்னிடம் கேட்பாள்.

"இன்னைக்கி எவ்ளோ நேரம் தூங்கினா?"

"மூணு மணி நேரம்."

"அழுதாளா?"

"இல்ல."

நல்ல செய்தி சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சொல்லுவேன். அவள் கையைக் கழுவப் போவாள். ஒருநாள் கழுவிவிட்டு வந்தவள் குழந்தையைத் தூக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். முந்தானையில் ஈரம் தெரிந்தது.

"அந்த டின் பாலே குடுத்திடுங்க."

"நீ வந்துட்டியே."

"எங்கிட்ட இன்னா இருக்குது? நான் குடுத்து ஒரு மாசம் நூறு கிராமு. டின்னு குடுத்து ஒரே வாரத்துல தொட மடியுது. அவ வயித்த ரொப்பறத விட்டுட்டு என் ஆசைக்கு வெறும் தண்ணியக் குடுத்துகினு இருக்கேன். புதன்கிழம நர்சம்மாகிட்ட கேட்டு நிறுத்திடறேன். அதுக்கு மாத்திர இருக்குதாம்."

பன்னிரண்டு வருடம் அவள் எதற்காகக் கோயில் கோயிலாகப் போனாளோ அதில் பாதி, அந்த முக்கால் மணி நேரம் மடியில் கிடக்கிற குழந்தை. அது எனக்குத் தெரியும். புதன்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கொஞ்சம் ரசம் ஊற்று என்றேன். மறுநாளும் திறந்தேன். அன்றும் ரசம்தான் வந்தது. மூன்றாம் நாள் அவளே, "ரசம் அவ்ளோ நல்லாவா இருக்குது?" என்றாள்.

புதன்கிழமை சுகாதார நிலையத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆம்பளை நான் ஒருவன். வழக்கம்போலச் சுவரோரம் நின்றேன். நர்சம்மா எடை பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"பரவால்லியே! மூணே வாரத்துல நல்லா ஏறியிருக்குதே. இன்னாம்மா பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல சிஸ்டர்" என்றாள் என் மனைவி. "எல்லாம் டின் பால்தான். என் பாலு அவளுக்கு ஒத்து வரல. நிறுத்திடலாம்னு இருக்கேன். மாத்திர எழுதிக் குடுங்க."

இரண்டு பெண்கள் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி, "சில பேருக்கு அப்பிடித்தான், இன்னா பண்றது" என்று ஆறுதல் சொன்னாள். என் மனைவி அழவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே பொத்தானை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னபோது தேவைக்குமேல் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு குழந்தை திடுக்கிட்டு அழுதது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அவ பால்ல தப்பில்ல. நான்தான் டின் பால தப்பாக் கலக்கிட்டேன்."

"இன்னாது?"

"ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன்தான் போட்டேன். நாலு போடணும்னு தெரியல."

நர்சம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தினி நாளா?"

"அஞ்சு வாரம். இப்ப ரெண்டு வாரமா சரியாப் போடறேன். அதான் ஏறிச்சி."

"யோவ்! நல்லா இருப்பியா நீ? அஞ்சு வாரம் வெள்ளத் தண்ணிய ஊத்தியிருக்கிறே! புள்ளைக்கி எதுனா ஆயிருந்தா?" நர்சம்மா எழுந்தேவிட்டார். "இது எத்தக் குடிச்சி உசுரோட இருந்திச்சி தெரியுமா? இந்தம்மா காலையிலயும் ராத்திரியும் குடுத்தாளே, அந்தப் பாலக் குடிச்சி. அத்தப் போயி நிறுத்தறதாம், அதுக்கு நான் மாத்திர எழுதறதாம்!"

பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, அமைதியாகச் சொன்னார். வீட்டில் இருக்கும்போதெல்லாம் உன் பாலைக் கொடு, கேட்கும்போதெல்லாம் கொடு, இல்லாத நேரத்துக்கு டின் பால் இருக்கட்டும், இரண்டும் சேர்ந்து ஒன்றும் செய்யாது என்று. எனக்கும் ஒரு பாடம் எடுத்தார். முதலில் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும், பிறகுதான் பவுடர். ஸ்பூனைக் குவித்து அள்ளக் கூடாது, அமுக்கக் கூடாது, தலையை வழித்துப் போட வேண்டும். அதை என் வாயால் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். வரிசையிலிருந்த ஒரு பெண் கேட்டாள்.

"இன்னா வேல செய்றாரு இவரு?"

"கம்பெனில மிக்சிங்" என்றாள் என் மனைவி. முதல் தடவை சொன்ன பெருமை இதில் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். நர்சம்மாகூடச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இன்னொரு தடவை திட்டினார்.

வழியெல்லாம் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் போனதும் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டாள். நான் நிலைப்படியில் நின்றேன். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. குழந்தை குடித்து முடித்தது. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"கலவைக்குப் போய்ட்டு வந்த அன்னிக்கி."

"ரெண்டு வாரமா என்னப் பார்த்துகினுதானே இருந்திங்க?"

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். 

"என் பாலப் பத்தி இந்த ஊர்ல எத்தினி பேரு பேசினாங்கன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தர்கிட்டயா போயி நீங்க சொல்லணும். நர்சம்மாகிட்ட சொன்னிங்களே, அதே மாதிரி. மென்னு முழுங்கக் கூடாது."

"எல்லார்கிட்டயுமா?"

"நான் எல்லார்கிட்டயும்தானே கேட்டுகினேன்?"

எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். "யா அல்லா" என்று தலையில் அடித்துக்கொண்டார். "டாக்டர் கணக்குன்னியே தம்பி! இல்லாங்காட்டி நான் அன்னிக்கே கேட்டிருப்பேனே" என்று என்னைத் திட்டிவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்குப் போய் என் மனைவியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். டீ நேரத்தில் கூட்டாளியிடம் சொன்னேன். அவன் குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது. அதன் பிறகு ஆறு மாதம், டிரம் திறக்கும் ஒவ்வொரு தடவையும், "மொத்தக் கணக்கா, தடவக் கணக்காப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் மருந்தைத் தொடுவான். மார்க்கெட்டில் மீன்காரம்மாவையும் விடவில்லை. "அப்ப இனிமே சொறா வேணாமா?" என்பதுதான் அந்த அம்மாவின் கவலை.

கடைசியாக அவள் யூனிட் பாக்கி இருந்தது. அங்கேதான் அவள் அதிகம் கேட்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்த கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். மணி அடித்ததும் பெண்கள் டிபன் பையோடு கும்பலாக வந்தார்கள். என் மனைவி முன்னால் வந்து, பக்கத்து மிஷின்காரியை எனக்குக் கண்ணால் காட்டினாள்.

"இன்னாண்ணா, இந்தப் பக்கம்?" என்றாள் அந்தப் பெண்.

நான் காலண்டரைத் தேடினேன். தெருவில் எங்கே இருக்கும்?

"ஒண்ணு சொல்லணும்மா. எங்க வூட்டம்மா பால்ல ஒரு கொறையும் இல்ல. டின் பால நான்தான் தண்ணியாக் கலக்கிட்டேன். அதான் கொழந்த எட ஏறல."

கும்பல் நின்றுவிட்டது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத இப்பிடி ரோட்ல நின்னு சொல்லணுமாண்ணா?"

"அவதான் சொல்லச் சொன்னா."

சிரிப்பு கிளம்பியது. பக்கத்து மிஷின்காரி மட்டும் சிரிக்காமல், கொஞ்சம் சந்தேகத்தோடே கேட்டாள்.

"நெஜமாவா? அப்ப அக்காவுக்குப் பால் இருக்குதா?"

"இருக்குது. ஜாஸ்தியாவே இருக்குது" என்றேன்.

என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மனைவி இதையெல்லாம் கேட்டாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நேரமாகியிருந்தது, குழந்தைக்கும் நேரமாகியிருந்தது. நானும் ஏறுவதற்காக ஓடினேன். அவள் டிரைவரைக் கிளம்பச் சொல்லிவிட்டு வெளியே தலையை நீட்டினாள்.

"கட்டிங் செக்சன்ல இன்னும் ஆறு பேரு வரணும். அவங்களுக்கும் சொல்லிட்டு வாங்க."